மஞ்சள் வேட்டியும் கீழ்வீட்டுக் கூரையும்: விருந்தாளி செய்த சேதத்துக்கு யார் பொறுப்பு?

கீழ்வீட்டுக் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் மூன்று இடங்களில் தொப்பை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது சம்பவம் நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஈரம் காய்ந்த ஓரங்களில் வளையம் வளையமாகக் கறை. மழைநீர் ஒழுகினால் கறை பழுப்பாக இருக்கும். இது மஞ்சள். சந்தேகமே வராத, கோயில் மஞ்சள்.

வீடு சேலம் குகைப் பகுதியில், அகலமில்லாத ஒரு தெருவில். கீழே உரிமையாளர் அம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தனியாக வசிக்கிறார். மாடியில் வாடகைக்கு ஓர் இளம் குடும்பம். கணவர் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறார், பாதி மாதம் இரவுப் பணி. வாடகை 12,000 ரூபாய், முன்பணம் 36,000. நான் வழக்கறிஞர். அந்த அம்மாள்தான் என் கட்சிக்காரர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சேதக் கணக்கையும் வாக்குவாதங்களையும் மாற்றவில்லை.

நடந்தது

ஆடி மாதம். குகை மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கையைப் பார்க்க வெளியூர் உறவினர் வருவது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் உண்டு. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமும் புராணக் காட்சியுமாக ஊர்வலம் போகும். அன்று மாலை தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது என்று சொன்னால் மிகையில்லை.

மாடி வீட்டுக்கு வந்தவர் வாடகைதாரரின் மைத்துனர், மனைவியின் தம்பி. பெங்களூருவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். மறுநாள் காலை கோயிலுக்குக் கட்ட வாங்கிய புது மஞ்சள் வேட்டியில் கஞ்சி விறைப்பு போக வேண்டும் என்று, கூடத்து வாஷ்பேசினில் அதைப் போட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. மேல்தொட்டி காலி. மேட்டூரிலிருந்து வரும் மாநகராட்சிக் குடிநீர் அந்தத் தெருவில் சில நாள் இடைவெளி விட்டுத்தான் வரும் என்பதும், வறண்ட குழாயைத் திருகி மூடிவிட்டு நகர வேண்டும் என்பதும் சேலத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். குழாய் என்றால் எப்போதும் தண்ணீர் என்று பழகியவருக்குத் தெரியவில்லை. இப்படியும் அப்படியும் ஒருமுறை திருகிப் பார்த்து, திறந்தபடியே விட்டுவிட்டார். வேட்டி வாஷ்பேசின் துளையின்மேல் சுருண்டு கிடந்தது. அக்காளும் தம்பியும் பிள்ளைகளும் கிளம்பினார்கள். அக்காள் கதவைப் பூட்டினார். வாடகைதாரர் அதற்கு முன்பே பணிக்குப் போய்விட்டார்.

மாலை ஆறரை மணிக்கு மேல் தரைத்தொட்டியில் மாநகராட்சித் தண்ணீர் நிரம்பியது. உரிமையாளர் அம்மாள் வழக்கம்போல மோட்டாரைப் போட்டார். போட்டவர், தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டதும் அதை மறந்து வெளியே போய்விட்டார்.

6.45-க்கு வாஷ்பேசினில் தண்ணீர் விழத் தொடங்கியிருக்க வேண்டும். அது நிரம்பி, கூடத்துத் தரையில் பரவி, ஒரு பகுதி படிக்கட்டு வழியாகவும் மறுபகுதி மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியிருந்த ஓட்டை, வயர் குழாய் ஆகியவற்றின் வழியாகவும் கீழே இறங்கியது. 8.40-க்கு அம்மாள் திரும்பி வந்தார். மாடியில் பூட்டு. அவரிடம் மாற்றுச் சாவி இல்லை. வாடகைதாரரின் மனைவிக்கு ஒன்பது முறை போன் செய்தார். மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை. 9.15-க்குத்தான் அவர்கள் வந்து குழாயை மூடினார்கள்.

முதல் இரண்டு வாரம்

சட்டத்துக்குப் போவதற்கு முன் இந்த இரண்டு வாரத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான வாடகைத் தகராறுகள் சேதத்தால் பெரிதாவதில்லை, அதற்குப் பிறகு இரு தரப்பும் செய்யும் காரியங்களால்தான் பெரிதாகின்றன.

மைத்துனர் முதலில், "ஆடி மழை, மொட்டைமாடி ஒழுகியிருக்கும்" என்றார். மஞ்சள் கறை அந்தப் பேச்சை ஒரே நாளில் முடித்துவைத்தது. பிறகு அவர் பெங்களூரு போய்விட்டார். வாடகைதாரர், "நான் வீட்டிலேயே இல்லை சார். குழாயைத் திறந்தது என் மச்சினன். அவனிடம் பணம் கேட்டால் என் மனைவிக்கும் எனக்கும்தான் சண்டை வரும். என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். மூன்று வாக்கியமும் உண்மை. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

என் கட்சிக்காரரும் சும்மா இருக்கவில்லை. கோபத்தில் மொட்டைமாடிக்குப் போய், மாடி வீட்டுக்கான கேட் வால்வை மூடிவிட்டார். கைக்குழந்தையோடு அந்தக் குடும்பம் இரண்டு நாள் குடத்தில் தண்ணீர் தூக்கியது. இதை அவர் என்னிடம் பெருமையாகவே சொன்னார். "அம்மா, இன்றைக்கே திறந்துவிடுங்கள். இழப்பீடு கேட்டுப் போகிற நீங்கள் எதிராளியாக நிற்க வேண்டி வரும்" என்றேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரர் பணம் தர வேண்டியிருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் நிறுத்த முடியாது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போயிருந்தால் முதல் உத்தரவு அவருக்குச் சாதகமாகத்தான் வந்திருக்கும். வால்வு அன்று மாலையே திறக்கப்பட்டது. ஆனால் அந்த வால்வு பின்னால் மீண்டும் வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம், 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் வருகிறது. சேதம் செய்ய வேண்டும் என்ற எண்ணமோ, சேதம் நேரும் என்ற அறிவோ அதற்கு வேண்டும். வறண்ட குழாயை மூட மறந்தவரிடம் இரண்டும் இல்லை. குற்ற வழக்கைக் காட்டி மிரட்டி உரிமையியல் கடனை வசூலிக்கும் பழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை

ஒப்பந்தம், எல்லாரும் செய்வதுபோல, முத்திரைத் தாளில் தட்டச்சு செய்த பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டைத் தாண்டிய குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பதினொன்று. அதுவும் காலாவதியாகி ஏழு மாதம். வாடகையை வாங்கிக்கொண்டு இருக்கவிட்டதால் பழைய நிபந்தனைகளோடு மாதக் குடியிருப்பாக அது தொடர்ந்தது. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 116-ஆம் பிரிவு சொல்வது அதைத்தான். 2017 சட்டம் கேட்பதுபோல வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவில்லை. சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் பதிவானவை குறைவு.

அதில் ஆறாவது நிபந்தனை: "வாடகைதாரரோ அவரைச் சார்ந்தவர்களோ கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தால் அதை வாடகைதாரர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்."

சார்ந்தவர் என்றால் யார்? அவர் சம்பாத்தியத்தில் வாழ்பவரா, உறவினரா, அவர் அழைப்பின்பேரில் வீட்டுக்குள் வந்தவரா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர், என் நண்பர்தான், "மைத்துனர் பெங்களூருவில் சொந்தமாகச் சம்பாதிக்கிறார், எப்படிச் சார்ந்தவர் ஆவார்?" என்றார். சட்டத்தைப் புரட்டினால் அவர் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, (m) உட்பிரிவில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி: வாடகைதாரர் சொத்தை, இயல்பான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் நேர்ந்த மாற்றமும் நீங்கலாக, தாம் பெற்ற நிலையில் வைத்திருந்து அதே நிலையில் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் பாதி: வாடகைதாரர், அவருடைய வேலையாட்கள், முகவர்கள் ஆகியோரின் செயலாலோ தவறாலோ நேர்ந்த குறையை உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். விருந்தாளி வேலையாளும் அல்ல, முகவரும் அல்ல. அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

ஆனால் முதல் பாதியில் யார் கெடுத்தது என்ற கேள்வியே கிடையாது. வாங்கியபடி திருப்பிக் கொடு, அவ்வளவுதான். 2017 சட்டமும் வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறது: வாடகைதாரர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கட்டடத்தைச் சேதப்படுத்தவும் கூடாது, சேதப்படுத்த விடவும் கூடாது. "விடவும்" என்ற சொல்லுக்குள் விருந்தாளி வந்துவிடுகிறார்.

இங்கே வழக்கு முடிந்தது என்று என் கட்சிக்காரர் நினைத்தார். எனக்கும் ஒரு நாள் அப்படித்தான் தோன்றியது.

வாடகைக்கு விட்டது எது?

சேதப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பட்டியல் இது:

கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங் 28,000. கீழ்வீட்டு வயரிங், சுவிட்ச் பெட்டி 9,500. கீழ்வீட்டுப் பிளைவுட் அலமாரி 32,000. கீழ்வீடு முழுவதும் பெயின்ட் 30,000. படிக்கட்டுக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் 14,000. மோட்டார் காயில் 4,500. மாடிக் கூடத்தில் ஊறி உப்பிய கதவு, நிலை 6,800. மொத்தம் 1,24,800.

இதில் வாடகைக்கு விடப்பட்டது எது? மாடி மட்டும். கீழ்வீடு ஒப்பந்தத்திலேயே இல்லை. 108-ஆம் பிரிவின் "பெற்ற நிலையில் திருப்பித் தர வேண்டும்" என்ற கடமை பெற்றதற்குத்தானே பொருந்தும்? வாடகைதாரர் கீழ்வீட்டைப் பெறவே இல்லை. ஆகவே வாடகைச் சட்டத்தின் பலத்தில் தயங்காமல் கேட்கக்கூடியது கடைசி இனம் ஒன்றுதான், 6,800 ரூபாய். மற்ற 1,18,000-மும் கவனக்குறைவால் பக்கத்தாருக்கு நேர்ந்த நட்டம். உரிமையாளர் இங்கே உரிமையாளராக நிற்கவில்லை, கீழே குடியிருக்கும் அண்டைவீட்டாராக நிற்கிறார். அப்படியானால் முதல் கேள்வி, யாருடைய கவனக்குறைவு?

இதே போன்ற வாஷ்பேசின் ஒன்று நூறாண்டுக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. மெல்போர்னில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் யாரோ வாஷ்பேசினின் வடிகாலை அடைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போனார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவரின் சரக்கு நனைந்தது. ரிக்கார்ட்ஸ் எதிர் லோத்தியன் என்ற அந்த வழக்கில் 1913-ல், அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், வீட்டுக் குழாயில் தண்ணீர் வைத்திருப்பது இயல்பான பயன்பாடு, அது தானாகவே பொறுப்பை ஏற்படுத்தாது, முன்பின் தெரியாத ஒருவர் வேண்டுமென்று செய்ததற்குக் கட்டடக்காரர் பொறுப்பாளி அல்ல என்றது. நம் நீதிமன்றங்கள் இத்தகைய பழைய ஆங்கிலேயத் தீர்ப்புகளை வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது உண்டு. எதிர்த்தரப்பு நண்பர் இதை எடுத்து நீட்டுவார் என்று தெரியும். நீட்டினார்.

என் பதில் இரண்டு. அங்கே குழாயைத் திறந்தவர் யாரென்றே தெரியாது. இங்கே திறந்தவர், வாடகைதாரர் வீட்டார் அழைத்து, பாய் விரித்து, சோறு போட்ட விருந்தாளி. அது பாதி பதில்தான், ஏனென்றால் சோறு போட்டதால் ஒருவருடைய எல்லாத் தவறுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. முழுப் பதில் பூட்டில் இருந்தது. கதவைப் பூட்டியவர் வாடகைதாரரின் மனைவி. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், குழாய்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது அந்த வீட்டாரின் சொந்தக் கவனக்குறைவு. பெங்களூருக்காரருக்குத் தெரியாது என்றால் தெரிந்த அக்காள் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் வாடகைதாரர் தரப்பிடம் கீழ்வீட்டு நட்டத்தில் பங்கு கேட்டேன். மச்சினனுக்குப் பிணையாக அவரை நிறுத்தி இதைக் கேட்கவில்லை. மைத்துனர் தம் தவறுக்கு நேரடியாகவே பொறுப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர் என்பது அவருக்குக் கவசமாகாது.

வாளிக் கணக்கு

எதிர்த்தரப்பின் பலமான வாதம் மோட்டார். "இரண்டரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டது யார்? அந்த அம்மாள். அவர் நேரத்துக்கு நிறுத்தியிருந்தால் வெள்ளமே வந்திருக்காது." கேட்டவுடன் நியாயமாகத்தான் படும். என் கட்சிக்காரரே முகம் வாடிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளந்து பார்த்தோம். பதினைந்து லிட்டர் வாளியை அதே வாஷ்பேசின் குழாயின் கீழ் பிடித்தோம். நிரம்ப இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். 6.45-லிருந்து 9.15 வரை 150 நிமிடம். விழுந்த தண்ணீர் 1,125 லிட்டர்.

மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் ஏற்றுகிறது. மேல்தொட்டி 1,000 லிட்டர். குழாயில் போவது போக, தொட்டி நிரம்ப இருபத்து நான்கு நிமிடம். அதற்குள் 180 லிட்டர் கீழே விழுந்திருக்கும். அந்த நொடியில் அம்மாள் மோட்டாரை நிறுத்தியிருந்தாலும் தொட்டியில் ஆயிரம் லிட்டர் நிற்கிறது. மிச்சமிருந்த 126 நிமிடத்தில் விழ வேண்டியது 945 லிட்டர்தான். ஆக, மோட்டாரை மறந்ததால் கீழ்வீட்டில் ஒரு சொட்டுகூட அதிகம் விழவில்லை. கூடுதலாக ஏறியதெல்லாம் மொட்டைமாடி வழிகுழாயில் தெருவுக்குப் போயிற்று. தரைத்தொட்டி காலியான பின்பும் ஓடியதில் மோட்டார் காயில் கருகியது. அந்த 4,500 மட்டும் அவருடைய மறதியின் விலை. பட்டியலிலிருந்து அதை நானே அடித்தேன்.

வாடகைதாரர் தாளில் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஆய்வகத்து ஆள், தப்பு இல்லை என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. அவருடைய மனைவிதான் வேறொன்றைப் பிடித்தார். "8.40-க்கு அம்மா வந்துவிட்டார்கள். பிறகு கோபத்தில் மூடிய அதே வால்வை அப்போதே ஏன் மூடவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. தண்ணீரை நிறுத்த வழி தெரியும் என்பதை அம்மாளே இரண்டு நாள் நிரூபித்திருந்தார். நட்டப்படுகிறவரும் தம்மால் முடிந்த அளவு நட்டத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கமும் அதையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 8.40-க்கும் 9.15-க்கும் இடையில் விழுந்தது ஏறக்குறைய 260 லிட்டர். அதற்குள் சீலிங்கும் அலமாரியும் நனைந்தாகிவிட்டது. இன்வெர்ட்டர் மட்டும் ஒன்பது மணி வாக்கில் வெடித்த சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். இருட்டில், பதற்றத்தில், அறுபத்தாறு வயதுப் பெண்மணி மொட்டைமாடி ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்று வாதாடியிருக்கலாம். நான்கு வருடப் பேட்டரிக்காக வாதாடுவதில் பயனில்லை என்று இன்வெர்ட்டரையும் விட்டோம்.

மற்றவற்றுக்குத் தேய்மானம் பார்த்தோம். புதுப் பொருளின் விலையைக் கேட்பது உரிமையாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. எட்டு வருட அலமாரிக்குப் பாதி, 16,000. பெயின்ட் அடித்து ஐந்து வருடம். நனைந்தது கூடமும் ஓர் அறையும்தான். அதற்கான 12,000-இல் பாதி, 6,000. சீலிங்குக்கு 22,000. வயரிங் பாதுகாப்புச் சமாசாரம், முழுவதும் 9,500. மாடிக் கதவு 6,800. கூட்டினால் 60,300. முந்நூறை அம்மாளே விட்டுக்கொடுத்தார்.

ஒரு சின்ன வருத்தம்: 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்தும் வழிந்தும் நேரும் சேதமும் உண்டு. இருந்திருந்தால் நிறுவனம் அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று மைத்துனரிடம் வசூலித்திருக்கும். அம்மாள் தெருவில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவரே இல்லை.

முடிவு

மூன்று ஆண்டுக் காலவரம்பு இருந்தாலும் வழக்குப் போடும் எண்ணம் இல்லை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுவாகக் கொடுத்தோம். கட்டணம் கிடையாது, மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. மைத்துனரையும் ஒரு தரப்பாகச் சேர்த்தேன். வாடகைதாரருக்கு அதில்தான் பெரிய நிம்மதி: மச்சினனிடம் பணம் கேட்டது அவர் அல்ல, ஒரு அறிவிப்புத் தாள்.

மைத்துனர் 35,000, வாடகைதாரர் 25,000 என்று பிரிந்தது. கதவுக்கான 6,800 முழுவதும் வாடகைதாரர் பங்கில். முன்பணம் 36,000-ஐத் தொடவில்லை. குடியிருப்பு தொடரும்போது அதில் கைவைத்தால் காலி செய்யும் நாளில் மறுபடி ஒரு கணக்குத் தகராறு. மைத்துனர் இரண்டு தவணை கேட்டார், சரி என்றோம்.

புது ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். ஆறாவது நிபந்தனையில் "சார்ந்தவர்கள்" போய், "வாடகைதாரரின் குடும்பத்தினர், வேலையாட்கள், அவர் அனுமதியுடன் உள்ளே வந்த விருந்தினர்" என்றும், "வாடகைப் பகுதிக்கும் அதே கட்டடத்தின் பிற பகுதிகளுக்கும்" என்றும் வந்தது. மாற்றுச் சாவி ஒன்று உறையிலிட்டு ஒட்டிக் கீழ்வீட்டில் இருக்க வேண்டும், அவசரத்துக்கு மட்டும் பிரிக்கலாம் என்பது வாடகைதாரரின் மனைவி சேர்க்கச் சொன்னது. தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் தானியங்கி சுவிட்சை அம்மாள் தம் செலவில் மோட்டாருக்குப் பொருத்தினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அம்மாள் மைத்துனரைப் பார்த்து, "அடுத்த ஆடிக்கு வருவாயா தம்பி?" என்றார். அவர், "வருகிறேன் அம்மா, வெள்ளை வேட்டியோடு" என்றார். இரண்டாவது தவணை சொன்ன தேதிக்கு நான்கு நாள் தள்ளி வந்து சேர்ந்தது.